உறைமோரும் மூக்கடைப்பும்

ஐப்பசி மழை ஊன்றத் தொடங்கியதும் எங்கள் தேவகோட்டை வீட்டில் தயிருக்கு ஊரடங்கு வந்துவிடும். பகலில் மோர் உண்டு, அதுவும் இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போட்டால்தான். விளக்கு வைத்த பிறகு தயிர்ப் பேச்சே கூடாது. பழைய சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். "சளி கட்டும் ஐயா, தை பிறக்கட்டும்" என்பார் அப்பத்தா. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினார். பழைய சோற்று நீரில் கோடி கோடியாக நல்ல பாக்டீரியா இருக்கிறதாம், காலையில் அதைக் குடித்தால் கொரோனா அண்டாதாம். வாசித்துக் காட்டியபோது அப்பத்தா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "சளி பிடிக்கும் என்று நான் விலக்கி வைத்ததே சளியை விரட்டுமா? அப்படியானால் இத்தனை வருடம் நான் சொன்னது என்ன?"

அன்று நான் சிரித்து மழுப்பினேன். பிறகு தேடிப் படித்ததில் ஒன்று தெளிவாயிற்று: அப்பத்தா சொன்னதும் சித்தப்பா அனுப்பியதும் இரண்டுமே அளவுக்கு மீறியவை. ஆனால் சித்தப்பாவின் செய்திக்கு அடியில் உண்மையான அறிவியல் ஒன்று ஓடுகிறது. அது அந்தச் செய்தியைவிடச் சிறியது, அதைவிடச் சுவையானது.

முதலில் அப்பத்தாவின் கட்சி. சளி என்பது வைரஸ் தொற்று. ரைனோ வைரஸ் முதல் இன்ஃபுளுயன்சா வரை எத்தனையோ இருக்கின்றன. தயிரின் குளிர்ச்சியிலிருந்து அவை பிறப்பதில்லை. பாலும் தயிரும் கோழையைப் பெருக்கும் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதுமல்ல, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. 1990இல் அடிலெய்டில் 60 பேருக்கு வேண்டுமென்றே ரைனோ வைரஸைக் கொடுத்து, அவர்கள் பயன்படுத்திய கைத்தாள்களைச் சேகரித்து, வடிந்த சளியை எடை போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு பால் குடித்தார்கள் என்பதற்கும் எவ்வளவு சளி வந்தது என்பதற்கும் தொடர்பில்லை. இன்னொன்றும் தெரிந்தது. பால் சளி கட்டும் என்று நம்பியவர்கள் இருமலும் அடைப்பும் அதிகம் என்று சொன்னார்கள். தராசில் அவர்களுடைய சளி மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இல்லை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சித்தப்பாவின் கட்சிக்கு வயது நூற்றுக்கு மேல். 1905இல் ஸ்டாமன் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர் ஜெனீவாவில் தன் ஊர்த் தயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பாலைப் புளிக்கவைக்கும் கோல் வடிவ பாக்டீரியாவைக் கண்டார். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிகாஃப் அதைப் பிடித்துக்கொண்டார். நம் இரத்தத்தில் கிருமிகளை விழுங்கும் அணுக்கள் உண்டு என்று காட்டியவர் அவர். 1908இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். தயிர் தின்னும் பல்கேரியக் குடியானவர்கள் நீண்ட நாள் வாழ்வதன் ரகசியம் இந்த பாக்டீரியாதான் என்று அவர் சொன்னது மட்டும் ஆய்வைவிட ஆசையின் பக்கம் சாய்ந்த பேச்சு. 1930இல் ஜப்பானின் மினோரு ஷிரோட்டா ஒரு பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்து வளர்க்க, ஐந்தாண்டில் அது யாகுல்ட் ஆகி விற்பனைக்கு வந்தது. 2001இல்தான் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூடி 'புரோபயாடிக்' என்பதற்கு வரையறை தந்தன: உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் உள்ளே போக வேண்டும், உண்பவருக்கு நன்மை செய்ய வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளோடு ஒரு செட்டிநாட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் பல பெயர்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இட்லியை எடுத்துக்கொள்வோம். மாவில் நடப்பது அபாரமான வேலை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிவந்த லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா முதலில் பெருகுகிறது. அது விடும் கரியமில வாயுதான் மாவைப் பொங்கவைத்து விடியற்காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளுகிறது. கூடவே என்டரோகாக்கஸ் சேர்ந்து புளிப்பேற்றுகிறது. புளிப்பு மிஞ்சிய கட்டத்தில் பெடியோகாக்கஸ் தலையெடுக்கிறது. இந்த வரிசை 1965இலேயே ஆராயப்பட்டு எழுதப்பட்டது. கொரியரின் கிம்ச்சியிலும் ஜெர்மானியரின் புளித்த முட்டைக்கோஸிலும் முதலில் இறங்கி வேலையைத் தொடங்குவதும் இதே லியூகோனாஸ்டாக்தான். ஆனால் கிம்ச்சியை அப்படியே தின்கிறார்கள். நாம் இட்லியைப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைக்கிறோம். கொப்பரையைத் திறக்கும்போது இரவெல்லாம் உழைத்த கூட்டத்தில் உயிரோடு எஞ்சுவது அநேகமாக எதுவுமில்லை. தோசைக்கும் ஆப்பத்துக்கும் குழிப்பணியாரத்துக்கும் இதே கதிதான்.

செட்டிநாட்டின் அடையாளம் என்று ஊரெங்கும் சொல்லும் வெள்ளைப் பணியாரம் இந்தக் கணக்கிலேயே வராது. பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த கையோடு எண்ணெயில் ஊற்ற வேண்டும். மாவு புளித்தால் பணியாரம் எண்ணெயைக் குடித்துச் சிவந்து கெட்டுவிடும் என்று ஆச்சிமார் பதறுவார்கள். மோர்மிளகாய் மோரில் ஊறுகிறது, வெயிலில் காய்கிறது, எண்ணெயில் பொரிகிறது. நன்றாக எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாயில் உப்பும் காரமும் எந்தக் கிருமியையும் பெருகவிடாமல் நிறுத்தத்தான் இருக்கின்றன. உப்பு நீரில் சுருங்கி மாதக்கணக்கில் ஜாடியில் கிடக்கும் மாவடு வேறு இனம், அது புளிக்கிறது. ஆனால் ஒரு வேளைக்கு இரண்டு வடுவுக்கு மேல் யார் தின்கிறார்கள், தின்றால் இரத்த அழுத்தம் என்ன ஆகும்?

ஆக உயிரோடு தட்டுக்கு வருபவை நான்கைந்துதான்: தயிர், மோர், பழைய சோறும் அதன் நீச்சத்தண்ணீரும், ஆடியில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேப்பைக் கூழ். கூழில் மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சும்போது செத்துப்போனாலும், ஆறிய பிறகு மோர் ஊற்றிக் கரைக்கும்போது புதிய கூட்டம் குடியேறுகிறது. அடுப்புக்குப் பின்னால் மோர் சேர்வதுதான் கூழின் காப்பு. இதே காரணத்தால் மோர்க்குழம்பில் உயிரில்லை, தயிர்ச்சாதத்தில் உண்டு, அதுவும் சோறு ஆறிய பிறகு பிசைந்திருந்தால்.

ஒரு கிளைக்கதை. பர்மாவில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் அங்கிருந்து கவுனி என்ற கருப்பு அரிசியைக் கொண்டுவந்து கல்யாணப் பந்தியில் இனிப்பாக உட்காரவைத்தார்கள். அதே பர்மாவில் தேயிலையைப் புளிக்கவைத்து லபெட் என்று வெற்றிலைத் தட்டுப் போல விருந்தாளிக்கு நீட்டுகிறார்கள். அது கப்பல் ஏறி வரவில்லை. வெறும் வயிற்றோடு திரும்பியவர்கள் இல்லை, இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். கவுனியைப் பற்றி இன்னொரு சங்கதி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி முக்கியமான புதிர். தயிர் போவது வயிற்றுக்கு. வைரஸ் வருவது மூக்கு வழியாக. வயிற்றில் இருப்பவன் மூக்கை எப்படிக் காப்பான்?

நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு பெரிய கூட்டம் குடலைச் சுற்றிக் குடியிருக்கிறது. காரணம் எளிது: வெளியுலகம் நம் உடலோடு நீண்ட எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று. சிறுகுடலின் உட்சுவரில் அங்கங்கே மேடுகள் இருக்கின்றன. 1677இல் யோஹான் பேயர் விவரித்ததால் பேயர் திட்டுகள் என்று பெயர். அவற்றின் மேல் உள்ள தனிவகை அணுக்கள் குடலில் ஓடுவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி எடுத்து உள்ளே அனுப்புகின்றன. உள்ளே காத்திருப்பவை கிளையணுக்கள். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் போல இவை வருவோர் போவோரை எல்லாம் பார்க்கின்றன, தெரிந்த முகத்துக்குத் தலையாட்டுகின்றன, அந்நியன் என்றால் உள்ளே குரல் கொடுக்கின்றன. தயிரையும் மாவையும் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவின் மேற்சுவரில் உள்ள சில சேர்மங்களை இவை தொட்டறிய முடியும். தொட்டறிந்த பின் வெளியாகும் சமிக்ஞைகளில் சில, வைரஸ் புகுந்த அணுக்களைத் தீர்த்துக்கட்டும் இயற்கைக் கொல்லி அணுக்களை விழிப்பாக்குகின்றன. சில, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் செய்யும் அணுக்களை வளர்க்கின்றன. இப்படிக் குடலில் பயிற்சி பெற்ற அணுக்கள் குடலிலேயே தங்கிவிடுவதில்லை. இரத்தத்தில் ஏறி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் ஈரச் சவ்வுகளுக்கும் போய்ச் சேருகின்றன. பாலூட்டும் தாயின் மார்புக்கும் போகின்றன.

இரண்டாவது வழி வேதிப்பொருள் வழி. குடல் பாக்டீரியா நார்ச்சத்தைச் சிதைத்துச் சிறு கொழுப்பமிலங்களை விடுகின்றன. அவை இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய், அங்கே பிறக்கும் வெள்ளணுக்களின் குணத்தையே மாற்றுகின்றன. 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் எலிகளுக்கு நார்ச்சத்து மிகுந்த தீனி போட்டு இன்ஃபுளுயன்சா ஏற்றிப் பார்த்தார்கள். நுரையீரலைப் புண்ணாக்கும் வீண் அழற்சி குறைந்தது, வைரஸைக் கொல்லும் அணுக்களின் வேலை கூடியது. கவுனி அரிசியின் சங்கதி இதுதான்: தவிட்டோடு கூடிய அந்தக் கருப்பு அரிசி பாக்டீரியாவைக் கொண்டுவருவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதன் மேல் நாம் கொட்டும் சர்க்கரையையும் நெய்யையும் எந்த ஆய்வும் பரிந்துரைக்காது.

உள்ளே இருப்பவற்றை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் வலுவான சான்று உண்டு. 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு எலிகளுக்குத் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தது. குடல் பாக்டீரியா அழிந்த பிறகு மூக்கில் இன்ஃபுளுயன்சா ஏற்றியபோது அந்த எலிகளின் எதிர்ப்பு மங்கிப்போயிருந்தது. குடலில் நடந்த அழிவை நுரையீரல் உணர்ந்தது. 2019இல் மனிதர்களிடம் இதை ஒத்த சோதனை நடந்தது: ஆரோக்கியமான 33 பேரில் சிலருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு ஃபுளு தடுப்பூசி போட்டார்கள். முன்பே எதிர்ப்புப் புரதம் குறைவாக இருந்தவர்களில், ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குத் தடுப்பூசியின் ஒரு வைரஸ் வகைக்கு எதிரான விளைச்சல் சுருங்கியது. மூக்கு ஒழுகியதும் மருந்துக் கடையில் நின்று "இரண்டு வேளைக்கு ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று வாங்குகிறோமே, அது சளி வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் குடியிருப்பவற்றைத்தான் கலைக்கும். மழைக்காலத்தில் தயிரை விலக்குவதைவிட இதை விலக்கியிருந்தால் அப்பத்தாவின் சட்டத்துக்கு நான் முதல் ஆளாகக் கைதூக்கியிருப்பேன்.

சரி, பாக்டீரியாவை உண்டவர்களுக்குச் சளி குறைந்ததா? இங்கே ஒரு தடுக்கல். எந்த பாக்டீரியா என்று கேட்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நகரத்தார் வீடுகளில் பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வைப்பது வழக்கம். அதனால் ஒரு தெருவில் ஐந்து லெட்சுமணன் இருப்பார்கள். யார் யார் என்பது பெயருக்கு முன்னால் நிற்கும் விலாச எழுத்துகளில்தான் தெரியும். கடன் பத்திரத்தில் விலாசம் மாறினால் கடனே மாறிவிடும். பாக்டீரியாவிலும் அப்படித்தான். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்பது பெயர் மட்டும். ஆய்வுகளில் அதிகம் அடிபடும் அதன் ஒரு வகைக்கு 'ஜிஜி' என்று விலாசம். அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் இருவரின் முதலெழுத்துகள். அதே பெயரில் வேறு விலாசம் உள்ளது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். நம் வீட்டு உறைமோருக்கு விலாசமே இல்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி ஊற்றியது, அவர்கள் எங்கே வாங்கினார்களோ.

விலாசம் உள்ளவற்றின் கணக்கு இதோ. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2022இல் இதை மறுபரிசீலனை செய்தது. 24 சோதனைகள், ஏறக்குறைய 6,950 பேர், கைக்குழந்தைகள் முதல் எண்பது தாண்டியவர்கள் வரை. புரோபயாடிக் எடுத்தவர்களில் ஒரு முறையாவது மேல்மூச்சுத் தொற்று வந்தவர்கள் மற்றவர்களைவிடக் கால் பங்கு குறைவு. வந்தாலும் ஒன்றேகால் நாள் போல முன்பே விட்டது. இது பொய்யான பலன் அல்ல, பெரிய பலனும் அல்ல. சான்றின் உறுதியை அவர்களே குறைவு முதல் நடுத்தரம் என்றுதான் குறித்தார்கள்.

தனித்தனிச் சோதனைகளில் என்னை நிறுத்தியது ஒடிசா. 149 கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளைப் பிரித்து, ஒரு பாதிக்குப் போலியும் மறு பாதிக்குப் பிறந்த முதல் வாரத்தில் தொடங்கி ஏழு நாள், ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் வகையையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரைச் சேர்மத்தையும் கொடுத்தார்கள். எல்லாம் தாய்ப்பால் குடிக்கும், பிறந்தபோது இரண்டு கிலோவுக்குக் குறையாத குழந்தைகள். இரண்டு மாதத்துக்குள் இரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தவை போலிக் குழுவில் நூற்றுக்கு 9, இதைப் பெற்ற குழுவில் 5.4. கீழ்மூச்சுத் தொற்றும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2017இல் நேச்சர் இதழில் இது வந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. மெக்சிகோவில் கொரோனா வந்து வீட்டிலிருந்த 300 பேரில் பாதிப் பேருக்கு மூன்று பிளாண்டாரம் வகைகளையும் ஒரு பெடியோகாக்கஸையும் சேர்த்துக் கொடுத்ததில், முப்பதாம் நாள் முழுதும் தேறியவர்கள் நூற்றுக்கு 53. போலி மாத்திரைக் குழுவில் 28. மாத்திரையைச் செய்த நிறுவனமே அந்தச் சோதனைக்குப் பின்னால் நின்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் பிரிட்டன். முதியோர் இல்லங்களில் 310 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மேற்சொன்ன ஜிஜியையும் இன்னொரு பாக்டீரியாவையும் ஓராண்டு வரை தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்றுக்காக ஆன்டிபயாடிக் எடுத்த நாட்கள் சராசரியாக 12.9. போலி எடுத்தவர்களுக்கு 12.0. ஒரு பயனும் இல்லை. 2020இல் வெளியான இந்த முடிவைக் கைப்பேசியில் யாரும் அனுப்பி நான் பார்க்கவில்லை.

இவையெல்லாம் மாத்திரையும் பொடியும். உணவாகவே சாப்பிட்ட சோதனை ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. 2021இல் வெளியான அந்த ஆய்வில் 36 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பத்து வாரம் தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை நாளுக்கு ஆறு பங்கு வரை ஏற்றினார்கள். குடல் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. அவர்களுக்குச் சளி பிடித்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. அதே ஆண்டு தமிழக அரசு நிதியோடு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பழைய சோற்று ஆய்வும் குடல் அழற்சி நோயாளிகளைப் பற்றியதுதான், மூக்கைப் பற்றியதல்ல. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டுத்தான் செய்திகள் உலா வருகின்றன. புளித்த சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்பதும் அந்த ரகமே. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியாவால் அதை உண்டாக்க முடியாது. தானியத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலத்தைப் புளிப்பு சிதைத்தால், இருக்கும் இரும்பு உடலில் எளிதாகச் சேரும். அவ்வளவுதான்.

நம் இட்லியை நான் செத்தது என்று தள்ளியது முழு நியாயமில்லை. கிளையணுக்கள் தொட்டறிவது பாக்டீரியாவின் மேற்சுவரை. செத்தாலும் சுவரின் பல பகுதிகள் மிஞ்சும். வெப்பத்தில் கொன்ற சில வகைகளும் எதிர்ப்பைத் தூண்டுவது ஆய்வுக்கூடங்களில் தெரியவந்து, 2021இல் அவற்றுக்கு 'போஸ்ட்பயாடிக்' என்று தனி வரையறையே வந்துவிட்டது. பாக்டீரியா விட்டுச்செல்லும் பொருள்களுக்கும் வேலை உண்டு. லாக்டிக் பாக்டீரியா உண்டாக்கும் ஃபீனைல்லாக்டிக் அமிலத்தின் ஒரு வடிவத்தை உணரும் ஏற்பி, விலங்குகளில் மனிதனிடமும் வாலில்லாப் பெருங்குரங்குகளிடமும் மட்டுமே இருக்கிறது என்று 2019இல் ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கீழே விழுந்து புளித்த பழத்தைப் பொறுக்கித் தின்ற மூதாதைகளின் மிச்சமாக அது இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். கெட்டுப்போனதற்கும் புளித்ததற்கும் வேறுபாடு தெரிந்த மரபணு நம்முடையது என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

மரபணு ஒருபக்கம் வேறுபாடு கண்டாலும் பானையில் கவனம் வேண்டும். சோறு வடித்த சூட்டிலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் அறைவெப்பத்தில் முளைத்து நஞ்சு விடும். ஆறிய சோற்றில் தாமதமின்றித் தண்ணீர் ஊற்றி மூடுவதும், புளிப்பு ஏறியதும் காலையிலேயே உண்டுவிடுவதும் பழைய வழக்கம். அதைச் சித்திரை வெயிலில் மத்தியானம் வரை நீட்டக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் புரோபயாடிக் மாத்திரையின் பாக்டீரியாவே இரத்தத்தில் புகுந்து நோயான நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அங்கே மருத்துவர் சொல்லாமல் எதையும் கொடுப்பது தவறு.

மூச்சு வைரஸுக்கு எதிராகச் செட்டிநாடு கட்டிவைத்த அரண் எது என்று என்னைக் கேட்டால் அடுப்படியைக் காட்ட மாட்டேன், வளவைக் காட்டுவேன். வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் வாசல்கள். இருமுபவர் விட்ட காற்று தங்காமல் ஓடிவிடும். அந்த வீடுகளைப் பூட்டிவிட்டு, குளிர்சாதனம் வைத்த அடைத்த அறைகளுக்குக் குடிபோன பிறகு, தயிரை வைத்து வைரஸை விரட்டப் பார்க்கிறோம். முதியவர்களுக்கு ஃபுளு தடுப்பூசி என்று ஒன்று இருப்பதை இன்னும் பல வீடுகளில் பேசுவதுகூட இல்லை.

பழைய சோறு சளியைத் தடுக்குமா என்று காரைக்குடியில் ஒரு முறையான சோதனை நடத்தலாம் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்குப் போலி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அடிலெய்டு கதைதான்: நம்புகிறவர் நம்பியதையே சொல்வார். மாத்திரைக்குப் போலி செய்வது எளிது. பழைய சோற்றுக்குப் போலியை நான் அப்பத்தாவிடம் விவரித்தேன்: காலையில் வடித்த சோறு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த தண்ணீர், மேலே உப்பு. அப்பத்தா கேட்டுவிட்டு, "இதை யார் பழைய சோறு என்று சாப்பிடுவார்கள்?" என்றார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் தருவதாகச் சொன்னேன். அப்போதும் மாட்டார்களாம்.